பந்திக்கும் படைக்கும் நடுவில்

நான்கு மணிக்குக் கப்பல்.
இரண்டரைக்குக் கதவடைப்பு.
எப்போது வருவாய் என்று கேட்டு
பத்தரையிலிருந்து அரைமணி அரைமணியாய்
எட்டுக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.
மூன்று இரவு பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஒன்றையும் தொடவில்லை.

பத்தொன்பது வருடம்
இந்தக் கேள்வி என்னிடம் வந்ததில்லை.
கோதண்டம் முடிவு செய்வார்.
இரவு ஒன்பதுக்கு விமானம் என்றால்
மதியச் சாப்பாடே விமான நிலையத்தில்தான்.
கல்யாணங்களுக்குப் போனால்
நாற்காலி விரிப்பவர்களோடு நாங்களும் நிற்போம்.
ஒருமுறை யாருடைய வரவேற்புக்கோ
பலூன் ஊதக் கொடுத்தார்கள்,
ஊதினோம்.
விவாகரத்து அன்றும்
நீதிமன்றக் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார்,
எனக்கும் சேர்த்து ஒரு காப்பியோடு.

ஆய்வகத்தில் யொலாண்டா சொன்னாள்:
முதல்நாளே போய்த் தங்கிவிடு,
நாற்பத்தைந்தாம் சாலையில்
ஒரு லாரி கவிழ்ந்தால் போதும்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.
நமக்குச் சொல்லிவைத்தது அவ்வளவுதான்.
பதினோரு மாடி, ஓயாத சாப்பாடு:
இது பந்திதான், முந்தலாம்.
ஒற்றை ஆள், ஒற்றைக் கட்டில், ஏழு இரவு:
இது படை.

இரண்டு மணிக் கட்டத்தைத் தொட்டேன்.

தொட்டவள் தூங்கியிருக்கலாம்.
ஐந்துக்கே விழித்து
சுகர்லேண்டை விட்டு ஏழரைக்கே கிளம்பி
பாலம் ஏறி இறங்கியபோது மணி எட்டே முக்கால்.
கால்வெஸ்டன் இன்னும் பல் துலக்கவில்லை.
துறையில் என் கப்பல்
போன வாரத்து மனிதர்களைப்
பெட்டி பெட்டியாய் இறக்கிக்கொண்டிருந்தது.
காருக்குள் உட்கார்ந்து கோதண்டத்தைத் திட்டினேன்.
இல்லாதவரைத் திட்டுவதில் ஒரு வசதி,
பதிலுக்குக் காப்பி நீட்டமாட்டார்.

கடல்சுவர் ஓரம் நடந்தேன்.
மரத்தூண் மேல் ஒரு கூழைக்கடா.
அதற்கு எதுவும் சீக்கிரமில்லை.
மணி பத்துதான்.

போலிவர் போகும் படகு காசு கேட்பதில்லை,
கட்டம் கேட்பதில்லை.
வரிசையில் நின்றால் காரோடு ஏற்றிக்கொள்ளும்.
பின்தளத்தில் பிள்ளைகள் ரொட்டி வீச
கடற்காகங்கள் அந்தரத்தில் நின்று வாங்கின.
தூரத்தில் என் கப்பல், ஒரு சோப்புக்கட்டி அளவில்.
அங்கிருந்து பார்க்க
அது எனக்காகக் காத்திருப்பது போல இருந்தது.
அந்தப் பக்கம் நான் நின்று பழகியதில்லை.

அக்கரைக் கடையில் வறுத்த இறால்,
ஆற அமர.
திரும்பினால்
சாலை வளையும் மட்டும் வண்டிகள்.
ஒரு படகு பழுதாம். சனிக்கிழமை வேறாம்.
பன்னிரண்டே கால்.
ஒன்று.
ஒன்றே கால்.
முன்வண்டி நாய்
பின்கண்ணாடி வழியே என்னையே பார்த்தது.
உள்ளங்கை வியர்த்துச் சக்கரத்தில் வழுக்கியது.
சத்தியமாகச் சொல்கிறேன்,
அந்தப் பயத்துக்கு அடியில் எங்கோ
சிரிப்பு வந்தது.
பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட
எதையும் தவறவிடும் தூரத்தில்
நான் இருந்ததில்லை.

ஒன்று நாற்பதுக்குப் படகு.
இரண்டு மணிக்கு இக்கரை.
காரை எங்கோ சொருகிவிட்டு
அடித்துப் பிடித்து ஓடியதில்
பெட்டியின் ஒரு சக்கரம் தெருவோடு போயிற்று.
மண்டபத்தில் ஈ காக்கை இல்லை.
பாம்பாய்க் கயிறு கட்டிய வரிசையில்
அத்தனை வளைவையும் நான் ஒருத்தி வளைந்தேன்.
குனிந்து புகுந்திருக்கலாம். தோன்றவில்லை.

மேசையில் இருந்த பெண்
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இரண்டு மணிக் கட்டம்தானே?
இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது."

நான்கு நிமிஷம்.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
புரிந்துகொள்ளக்கூடியவர் ஒரே ஒருவர்.
கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன்.

மேலே பந்தி எப்போதோ தொடங்கியிருக்கும்.
இறால் வாசம் அடிக்கும் சட்டையோடு
நொண்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு
ஏறினேன்.