மேசையில் பதினாலு பேர்

இரண்டு டாலருக்கு ஒன்பது படம்.
எதிர்வீட்டுக்காரர் கார் கொட்டகையைக் காலி செய்தபோது
உடைந்த புல்வெட்டிக்கும் ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவே கிடந்தது
க்ரப் குடும்பம் முழுவதும்.
அட்டையில் பதினாலு பிள்ளைகள், ஒரு கழுதை.
"இதில் நீ எது?" என்றார் டெல்பர்ட்.
கழுதைக்கு இடப்பக்கம், பல் இல்லாதது என்றேன்.
நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதர்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கழுதையைத்தான் முதலில் பார்த்தார்.

எனக்கு வசனம் கிடையாது. பெயர்கூடக் கிடையாது.
ஆர்ஃபா லிண்ட்குவிஸ்ட் என்று சம்பளச் சீட்டில் மட்டும் எழுதுவார்கள்.
கதைத்தாளில் நான் "பதினோராவது."
அம்மா அந்த வரிகளைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு
மனப்பாடம் செய்ய வைத்தாள்:
ஓடுகிறது. சிரிக்கிறது. சாப்பிடுகிறது.

பண்ணை என்பது முட்டுக்கொடுத்த நாலு பலகை.
களஞ்சியக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் ரோமாபுரி,
வேறு ஏதோ படத்தின் மிச்சம்.
சாயம் உரிந்த தூண்களில் எங்கள் கோழிகள் அடையும்.
சேறு லாரியில் வரும்.
அப்பா க்ரப்புக்குப் பாலைக் கண்டால் தும்மல்.
பதினாலு பெற்ற அம்மா க்ரப்
கேமரா நின்றதும் எங்களை எட்டி நிற்கச் சொல்வாள்,
சிகரெட் நெருப்பு தெறிக்கும் என்று.
அப்படித்தான் சொல்வாள்.

எல்லாப் படத்திலும் அந்த இடம் உண்டு.
சாப்பாட்டு மணி அடிக்கும். கதவு கீலோடு பிய்ந்து விழும்.
மேசையைச் சுற்றி நாங்கள்.
அப்பா க்ரப் மரக்கரண்டியால்
ஒவ்வொரு தலையாகத் தட்டி எண்ணுவார்.
பதிமூன்றில் நின்றுவிடுவார்.
முழிப்பார். தொப்பிக்குள் தேடுவார். மறுபடி ஒன்றிலிருந்து.
அப்போது மேசைக்கடியிலிருந்து ராய்ஸ் எழுவான்,
வாயில் கோழிக்காலோடு.
கொட்டகை கூரை பறக்கச் சிரிக்கும் என்பார்கள்.

நாலாவது படத்துக்குப் பிறகு அவன் வரவில்லை.
அயோவாவில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றார்கள்.
அந்தக் கோடையில்
நீச்சல் குளங்களையெல்லாம் பூட்டியிருந்தார்கள்,
குழாய்த் தண்ணீரைக்கூட அம்மா காய்ச்சித்தான் கொடுத்தாள்.
இரண்டையும் சேர்த்துப் பார்க்க
எனக்கு ஏழு வயது போதவில்லை.
யாரோ பிறகு சொன்னபோது எனக்குப் பதினாலு.
ஒரு ஐஸ்கிரீம் கடையில், பேச்சோடு பேச்சாக.

ஐந்தாவது படம். வியாழக்கிழமை இரவு.
மணி, கதவு, கரண்டி.
அப்பா க்ரப் எண்ணுகிறார்.
எங்கும் நிற்கவில்லை. பதினாலு!
சூப்பை ஊற்று என்கிறார்.

"பதிமூன்றுதான் இருக்கிறது" என்றார் டெல்பர்ட்.
முப்பது வருடம் ஆப்பிள் கிடங்கில்
பெட்டி எண்ணிய விரல் இன்னும் காற்றில்.
பின்னால் ஓட்டினோம். மறுபடி ஓட்டினோம்.
சுற்றி வரும் கரண்டி
என் தலையில் ஒரு தட்டு.
எல்லோரையும் முடித்துவிட்டுப் போகிறபோக்கில்
என் தலையிலேயே இன்னொன்று,
தொட்டும் தொடாமலும்.
அந்த ஒரு நொடி அவர் கண்
மேசைக்கடிக்குப் போய் வருகிறது.

இத்தனை காலமும் நான் சொல்லிவந்த கதை வேறு.
இதே டெல்பர்ட்டிடம், கல்யாணத்துக்கு முன்பே,
வறுத்த உருளைக்கிழங்கைப் பங்கு போட்டுக்கொண்டு சொன்னேன்:
க்ரப் பிள்ளைகளில் நான்தான் செல்லம்,
எனக்கு மட்டும் ரெண்டு தட்டு.

அவர் அதை நினைவுபடுத்தவில்லை.
"கழுதையை மாற்றிவிட்டார்கள், பார்.
காது வேறு மாதிரி இருக்கிறது" என்றார்.
ஆமாம் என்றேன்.
கழுதைக்கு ஆள் பிடித்திருக்கிறார்கள்.

ஆறாவதைப் போடட்டுமா என்றார்.
போடுங்கள்.

மணி. கதவு. கரண்டி ஒரு சுற்று வந்துவிட்டது.
எல்லோரும் ரொட்டிக்குப் பாய்கிறார்கள்.
பல் முளைத்துவிட்ட அந்தப் பெண் மட்டும்
பாயவில்லை,
தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக் காத்திருக்கிறாள்
இரண்டாவது தட்டுக்கு.