சுருக்கத்துக்கு விட்டது

மிதுனாவின் நோட்டில் ஏழாவது சொல்: முன்யோசனை.
பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்க.
ஆறு சொல்லைத் தானே முடித்தவள்
இதற்கு மட்டும் பென்சிலை என் பக்கம் உருட்டுகிறாள்.

மணி பத்தேகால். காதுக்குள் இன்னும் பனியன் பஞ்சு.
அனுப்பர்பாளையத்தில் எங்கள் சந்துக்கு மட்டும் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
அவள் விரலின் நிழல் சொல்லை மறைக்கிறது.

கட்டிங் டேபிளில் பதினெட்டு வருசம் நின்றவனுக்குத்
தெரிந்த பொருள் ஒன்றுதான், சாமி.
வந்த ரோலை வந்த அன்றே வெட்டக் கூடாது.
பிரித்து ஒரு ராத்திரி சும்மா போடு,
இழுத்த இழுப்பைத் துணி மறக்கட்டும்.
அப்புறமும் நம்பாதே.
அது இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை.
பேர் தெரியாத ஊரில் யாரோ ஒருத்தி
முதல் தடவை துவைக்கிற அன்றைக்கு
நீளத்தில் ஆறு சதம் உள்ளே போகும்.
அவள் திட்டப்போவதை
இங்கே இன்றைக்கே காதில் வாங்கிக்கொண்டு
அளவுக்கு மேல் எச்சா விட்டு வெட்டு.

"எச்சான்னே எழுதட்டுங்களாப்பா?"
வேண்டாம், டீச்சர் சுழித்துவிடும்.

வேறு வாக்கியம் தேடுகிறேன்.
ஆள்காட்டி விரல் இருந்த இடம் அரிக்கிறது.
பேண்ட் நைஃப் அதை எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
புதன்கிழமை காலையில் வந்து இறங்கின
இரும்பு வலைக் கையுறைகள், பன்னிரண்டு.
மாசக் கடைசியில் ஆடிட்டுக்கு வந்தவர்
ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்து மேனேஜரிடம் சொன்னார்:
"நல்ல முன்யோசனைங்க."
மேனேஜர் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்,
கட்டுப் போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு.

இதை எப்படி ஒரு வரியில் அமைப்பது?

"அவளைத் தூங்க உடுங்க"
என்கிறாள் திலகாமணி, இருட்டுக்குள்ளிருந்து.

மிதுனா பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
முன்யோசனை: முன்னாடியே யோசிப்பது.
என் அப்பா முன்யோசனையுடன் வெட்டுவார்.

எழுதி, அதற்குக் கீழே
இரண்டு கோடு காலியாக விட்டுவிட்டு
எட்டாவது சொல்லுக்குப் போகிறாள்.

அது எதுக்குக் கண்ணு, என்றேன்.
"தப்பா இருந்தா டீச்சர் சரியானத எழுத
எடம் வேணுமல்லப்பா."