அறுநூற்றுப் பன்னிரண்டு

மாதவரம் கால்நடைக் கண்காட்சியில்
காங்கேயம் காளையின் எடையைச் சொன்னால்
குக்கர் பரிசு.

பெலிக்ஸுக்கு வேலையே எடைமேடைதான்,
திருவொற்றியூரில், லாரிகளோடு.
சீட்டு வாங்கியவர்
காளையை ஒருமுறை சுற்றி வந்தார்.
குளம்பு மண்ணில் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று
குனிந்து பார்த்தார்.
612 என்று எழுதி
நாலாய் மடித்தார், எனக்குக்கூடக் காட்டாமல்.

அதற்குள் ஜெமி
கருங்கோழிக்கும் முயல் கூண்டுக்கும் நடுவே
ஒரு செருப்பைத் தொலைத்திருந்தாள்.
பால்கோவா வரிசையில்
என் பையை எனக்குப் பதிலாக நிற்க வைத்துவிட்டு
வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மைக்கில் கூப்பிட்டார்கள்.
காளை மேடைக்கு முன்னால் வந்து நின்றது.
ஊரே காத்திருக்க
நிதானமாக, நீளமாக
மூத்திரம் பெய்தது.
பிறகுதான் ஏறியது.

சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து
609இல் நின்றன.
608 எழுதிய நர்சிங் கல்லூரிப் பெண்
குக்கரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"மூணு கிலோ… அந்த மூணு கிலோ…"
மூலக்கடை வரை
பஸ் கம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கியதும்
ஒற்றைச் செருப்போடு தோளேறியவள் கேட்டாள்:
"நான் எவ்ளோ இருப்பேன்பா?"

கீழே இறக்கிவிட்டார்.
"மொதல்ல போய்
ஒண்ணுக்கு இருந்துட்டு வா."