கொண்டை ஊசி லேஅவுட்

படிவம் கட்டும் கருவியில்
ஏற்கெனவே நாலு ஒழுங்குகள் உண்டு.
ஒன்று, பெட்டிகளை ரேஷன் கடை வரிசையில் நிறுத்தும்.
ஒன்று கட்டம் போடும்.
ஒன்று நால்வரை ஓரங்களில் ஒட்டவைத்து
நடுவில் இருப்பவனைக் கொழுக்க விடும்.
நாலாவது எதுவுமே செய்யாது,
அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

எனக்கு மலை ஏறும் ஒழுங்கு வேண்டியிருந்தது.
அடிவாரம் சோதனைச்சாவடித் திரைக்கு,
இருபது வளைவுகளுக்கு இருபது பெட்டிகள்:
கீழ் வரிசையில் இடமிருந்து வலமாகப் போய்
விளிம்பில் திரும்பி
மேல் வரிசையில் வலமிருந்து இடமாக வந்து
மறுபடி திரும்பி,
ஏர்க்காடு பஸ் போகிற மாதிரி.

"எடத்தை நம்பரா அடிச்சு வெச்சுட்டாப் போதுமே" என்றான் யூஜின்.
ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால்?
"யாரு இழுக்கப் போறா?"
யாராவது இழுப்பார்கள், யூஜின்.

எழுதுவது மூன்று நாள் வேலை.
ஒவ்வொரு பெட்டியிடமும் கேட்க வேண்டும்,
எவ்வளவு இடம் பிடிக்கும்,
எவ்வளவு இருந்தால் போதும் என்று.
கேட்டுக்கொண்டு
இருப்பதைப் பங்கிட வேண்டும்.

கருவிக்குள் அதைச் சேர்க்கப் பதினோரு நாள்.
பட்டியலில் பெயர் ஏற்றினேன்.
பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளில்
ஒரு மலைச்சாலை வரைந்தேன்.
"குடல் மாதிரி இருக்கு" என்றான்.
முதல் முறை இழுத்துப் போட்டதும்
இருபது பெட்டிகளும் இடது மேல் மூலையில்
ஒன்றின்மேல் ஒன்றாக,
மே மாத ஞாயிறு மாலை ஒண்டிக்கடை.

பிறகுதான் புரிந்தது.
ஓடும்போது என் நிரலிடம் கேட்பது
இந்தப் பெட்டி எங்கே போகும் என்று.
கட்டும்போது கருவி கேட்பது தலைகீழாக:
சுட்டெலி இங்கே நிற்கிறது,
இது எத்தனையாவது இடம்?
பாதை போட்டவனுக்கு முதல் கேள்வி போதும்.
மூடுபனியில் வண்டியை நிறுத்தி இறங்கியவனுக்கு
இரண்டாவதைத் தவிர வேறு கேள்வி இல்லை.
அதற்கும் பதில் எழுதினேன்.
பெட்டிகள் பிரிந்து மலையேறின.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
வேடியப்பன் போன் செய்தார்.
"மேடம், பதினொன்னுல மண்ணு சரிஞ்சிருச்சு.
மூடியாச்சுன்னு தட்டுனேன்.
பொட்டி மறைஞ்சுது, சரி.
பன்னெண்டு வந்து அந்த எடத்துல குந்திக்கிச்சு."
பதின்மூன்று பன்னிரண்டின் இடத்தில்.
பதினாறு ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டது.
உச்சியில் ஒரு மூலை வெறுமை.
மலை ஒரு வளைவு குட்டையாகி
எந்த உடைப்பும் இல்லாமல் அழகாக நின்றது.

ஷிஃப்ட் மாறி வந்தவர் திரையைப் பார்த்திருக்கிறார்.
ஒழுங்காகத்தான் இருந்தது.
கேட்டைத் தூக்கிவிட்டார்.
பத்தாம் வளைவுவரை போன பால் வண்டி ஒன்று
திரும்ப இடமின்றி
மழையில், பின்பக்கமாகவே,
அறுபதடிப் பாலம் தாண்டி இறங்கி வந்தது.
ஓட்டுநர் வேடியப்பனிடம் ஒன்றும் திட்டவில்லையாம்.
டீ கேட்டாராம்.

மறைந்தவற்றைத் தாண்டிப் போ:
எல்லா ஒழுங்குகளிலும் இந்த வரி உண்டு.
நானும் கை பழகிய வேகத்தில் எழுதியிருந்தேன்,
யோசிக்காமல்,
வணக்கம் சொல்வது போல.
காலையில் அதை மட்டும் அழித்தேன்.
வேறெதையும் தொடவில்லை.

இப்போது பதினொன்றை மூடினால்
அங்கே வெறும் தரை தெரிகிறது.
பத்தும் பன்னிரண்டும் நகராமல் நிற்கின்றன.
"பாக்கறவன் பக்குன்னு சொல்லுவான்.
ஓட்டையா இருக்கு" என்றான் யூஜின்.
இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி அலுவலக ஜன்னலில்
மூன்று நாளாக மலை இல்லை,
மேகம்தான்.
அதற்காக யாரும்
கோரிமேட்டைத் தூக்கி
அந்த இடத்தில் வைக்கவில்லை.