இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு மேசை

மண்டபத்தில் எங்கள் அறைக்கு
ஒரே ஜன்னல்.
அதில் தெரிவது பெண்கடல்.
முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அப்பால்
ஆண்கடல். சத்தம் மட்டும் வரும்.

மேசையில் இரண்டு கணினி.
இடப்பக்கம் ஆய்வகம்:
மதுரைக்குப் போன ரத்தம்
எண்ணாகித் திரும்பும்.
வலப்பக்கம் ஆட்கள்:
யார் மாத்திரை வாங்கினார், யார் வாங்கவில்லை,
எடை, இருமல், அடுத்த தேதி.
ஒரே ஆளின் ரத்தமும் ஆளும்
ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து
ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

நடுவில் நான்.
கால்வாய் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
உண்மையில் நான் ஒரு அடிக்கோல்.
வரி தவறாமல் படிக்க
திரையில் வைத்துப் பிடிக்கிற மரக்கோல்.

இரண்டையும் இணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது ஆடியில்,
கச்சான் மணலை அள்ளி
விசைப்பலகைக்குள் போடும் மாதத்தில்.
பெயர், பிறந்த தேதி, ஊர்,
மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள்.
எங்கள் கரையில் பாதிப் பேர்
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.
ஊர் கேட்டால்
படகு கட்டியிருக்கும் ஊரைச் சொல்வார்கள்.
பெயரோ,
ஒரு திரையில் நம்புக்காளை.
இன்னொன்றில் கட்டம் போதாமல்
நம்பு
என்று நின்றுவிட்டது.
பெயரா, கட்டளையா என்று தெரியாமல்
நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

வலப்பக்கத்தில் அவர் தொலைந்தவர்.
பதினான்கு மாதம் வரவில்லை.
'தொடர்பு அறுந்தவர்' என்று
நானே தட்டியிருந்தேன்.
மூன்று முறை போன். பிறகு
பாம்பன் வரை பஸ்ஸில் போய்
பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய
பஞ்சவர்ணம் சிஸ்டரின் கையெழுத்து.
இடப்பக்கத்தில் அதே ரத்தம்
மங்களூரிலிருந்து இரண்டு முறை வந்திருந்தது:
வைரஸ் தென்படவில்லை.
ஆள் கடலை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.
அங்கே வலை, அங்கேயே மாத்திரை.
எங்கள் கணக்கில் மட்டும்
மூழ்கிக் கிடந்தார்.

அடுத்த பொருத்தம் ஒரு பெண்.
அவள் பெயரை எழுத மாட்டேன்.
நம்புக்காளையும் நான் வைத்த பெயர்தான்.
ஊரும் வேண்டாம். சின்ன ஊர், ஒரே பஸ் ஸ்டாப்.
வலப்பக்கத்தில் அவள் ஒரு நாள் தவறாதவள்.
மரிக்கொழுந்துப் பாசி எடுத்த கையோடு
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமல் வந்து
டப்பாவைக் குலுக்கிக் காட்டிவிட்டுப் போவாள்.
இடப்பக்கத்தில் அவள் எண்
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
வந்தது மாசி.
நான் பார்த்தது ஆவணி.
ஆறு மாதம் அந்த எண்
என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.
நான் அங்கே டீ டம்ளர் வைப்பேன்.

முதல் நாள் அவள் கேட்டது ஒன்றுதான்:
"வீட்டுக்குப் போன் போடாதீங்க."
அதற்கு எந்தக் கணினியிலும் கட்டமில்லை.
அட்டை ஓரத்தில் பென்சிலில் இருந்தது.
இணைப்பு அதை எடுத்துக்கொண்டு வரவில்லை.
சிவப்பில் வந்தது வேறு:
உடனே தொடர்புகொள்ளவும்.
பக்கத்திலேயே அவள் வீட்டு நம்பர்.

பயிற்சி கொடுக்க வந்த ரத்தினசபாபதி சாரிடம் கேட்டேன்,
இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?
தேவைப்படுகிறவர்கள், என்றார்.
சாளைக்கு விட்ட வலையில்
கடல்குதிரையும் ஏறும் சார், என்றேன்.
சட்டப்படி அதைத் திருப்பி விடணும், என்றார்.
விடுகிறார்களா என்று
நான் கேட்கவில்லை.

போனைத் தொடவில்லை.
மூன்று மணி பஸ் பிடித்தேன்.
மீன் வாங்க வந்தவள்போல
கூடையோடு கரையில் நின்றேன்.
பாசி மூட்டை தலையில் சொட்டச் சொட்ட
கடைசியாக ஏறி வந்தாள்.
நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க,
அட்டையில தேதி மாறியிருக்கு, என்றேன்.

என் கூடையைப் பார்த்தாள். காலி.
"மாசியில எடுத்த ரத்தமா?" என்றாள்.
மூட்டையை இறக்கவில்லை.