துரிசு

ஒரு கிலோ மாவுக்கு அஞ்சு லீற்றர் தண்ணி.
கொதி வரேக்க ஒரு கிள்ளுத் துரிசு.
போடாட்டி விடியிறதுக்குள்ள ஆடு வந்து
ஒன்பதாம் இலக்கத்தின்ர நாடியை நக்கிப்போடும்.

மூண்டு தேர்தலுக்கு நான்தான் காய்ச்சினனான்.
மருதனார்மடத்துக்கும் ஏழாலைக்கும் இடையில
அவற்ற முகம் படாத மதில் இல்லை:
சங்கக்கடைச் சுவர், பூட்டிக்கிடந்த சவுக்காரத் தொழிற்சாலை,
ஒருக்கால் இருட்டில பிழைச்சு
ஆற்றையோ லாண்ட்மாஸ்டர் பெட்டியின்ர பின்பலகை.
விடிய அது தோட்டத்துக்குப் போட்டுது
அவரையும் கொண்டு.

உனக்கென்னடா கிடைக்குது எண்டு சனம் கேக்கும்.
கொள்கை எண்டு ஒருக்கால் சொல்லிப் பாத்தன்.
எனக்கே சிரிப்பு வந்தது.
தவக்குலராசாவுக்குப் பிரதேசசபையில வேலை வேணும்,
அதுக்கு நிண்டவன், ஒளிக்கேல்லை.
வாத்தியாற்ற மகன் நிண்டது
ஒண்டுவிட்ட தமையன் மற்றப் பக்கம் நிண்டபடியால்.
வேலி வழக்கு. இரண்டு முழம்.
காசுக்கு வந்தவை காசு முடிய வீட்டை போட்டினம்,
அவையில எனக்கு மரியாதை.

என்ர கதை வேற.
அம்மாவின்ர எட்டுச்செலவுக்கு அவர் வந்தவர்.
பந்தலுக்குள்ள நூறு சனம்.
நேர வந்து என்ர தோளில கையை வைச்சு
"அருந்தவம், அம்மாவுக்கு முழங்கால்தானே முதல் வருத்தம்"
எண்டவர்.
என்ர பேர். அம்மாவின்ர முழங்கால்.
கொடிகாமத்தில இருக்கிற சொந்த அண்ணனுக்கே
தெரியாத முழங்கால்.
அண்டைக்கு விழுந்தனான்.

வெண்டவர். மாலை, வெடி, மேளம்.
மூண்டாம் மாசம்
நாங்கள் எந்தச் சட்டத்துக்கு எதிரா நோட்டீஸ் குடுத்தமோ
அதுக்கே கை தூக்கினவர்.
ரேடியோவில கேட்டுக்கொண்டு
சலூனுக்குள்ள பாதிமயிரோட இருந்தனான்.
"சேருக்கு என்ன நெருக்குவாரமோ" எண்டு
முதல் திறந்த வாய் என்ர வாய்தான்.
கத்தி வைச்சிருந்தவன் ஒண்டும் பேசேல்லை.

பிறகு றெஜினோல்ட் கட்டாருக்குப் போனான்.
பாஷையூர்ப் பெடியன், ஆறு வருசம் அவற்ற ட்றைவர்.
திறப்போட ஒரு கொப்பியும் தந்தவன்,
எண்பது பக்கம், மூலை மடங்கி, டீசல் மணம்.
ஊர் ஊராப் பேர். அளவெட்டி, இணுவில், உடுவில்.
செத்தவீடு எப்ப, பிள்ளை எந்த நாட்டில, என்ன வருத்தம்.
வாகனம் ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க
அவன் வாசிப்பானாம்.
அவர் பின்சீற்றில கண்ணை மூடிக் கேப்பாராம்.

ஏழாலை, நாலாவது வரி:
அருந்தவம். தாய், முழங்கால், பிறகு கிட்னி.
பசை நல்லாக் காய்ச்சுவான்.
காசு கேளான்.

எத்தனை தரம் வாசிச்சனோ தெரியாது.
ஒரு பொய்யாவது இருக்குமெண்டு தேடினனான்.
துரிசுப் பசையை ஆடு ஒருக்கால் மோந்திட்டு விலகும்.
ஆட்டை ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டது?

தவக்குலராசா போய்ச் சண்டை பிடிச்சான்.
அவனுக்கு வேலை தாறனெண்டு சொன்னவர், தரேல்லை.
அவன் வாசலில நிண்டு தூஷணத்தால பேசலாம்.
எனக்கு அவர் ஒண்டும் தாறதாச் சொல்லேல்லையே.
நான் எதைத் திருப்பித் தா எண்டு கேக்கிறது,
என்ர பேரையோ?

இப்ப கொப்பி என்னட்டை.

போன கிழமை அளவெட்டியில ஒரு செத்தவீடு.
ஒழுங்கை திரும்பேக்க வாசிச்சன்:
மூத்தவன் பேர் கிருபைராசா, தச்சுவேலை,
தேப்பனுக்குக் கண் தெரியாது, றேடியோ பைத்தியம்.
அவர் இறங்கினவர்.
தோளில கை.
என்ன சொன்னவரெண்டு எனக்குக் கேக்கேல்லை,
கண்ணாடி ஏத்தியிருந்தது.
ஆனா அந்தப் பெடியன்ர முகம்
ஒரு கணம் விளக்கேத்தினமாதிரி ஆனதைப் பாத்தன்.

ஓடிப்போய்ச் சொல்லவேணும்போல இருந்திருக்கவேணும்.
இல்லை.
பொறாமையா இருந்தது.