வரைபடத்தை வளைத்தல்

பிரின் மலை மீட்பு நிலையத்தில்
பதினோரு குளிர்காலமாக அறிக்கை எழுதுகிறேன்.
வழி தவறிய யாரும்
வழி தவறியதாகச் சொன்னதில்லை.

லியூபென், சோஃபியாவில் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவர்.
ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு
இரவு பதினொன்றரைக்குக் கிடைத்தார்.
பீன்ஸ் சூப்பின் ஆவிக்குப் பின்னாலிருந்து
நிதானமாகச் சொன்னார்:

ஏரி இடப்பக்கம் வந்திருக்க வேண்டும்.
வலப்பக்கம் வந்தது.
இது வேறு ஏதோ குட்டை,
படத்தில் போடாமல் விட்டிருப்பார்கள்.
ஓடையைக் காணோம்.
இந்தக் கோடையில் மழை ஏது, வற்றியிருக்கும்.
முள் காட்டிய வடக்கு
அவர் மனதில் வைத்திருந்த வடக்கு அல்ல.
பாறையில் இரும்பு கலந்திருக்கும்.
பிடித்த முயலுக்கு மூன்றே கால்;
நாலாவதைப் பனி மூடிக் கொடுத்தது.

பைன் மரத்தில் ஒரு சிவப்புக் குறி.
அதைக் கண்டதும் வாய்விட்டே கத்தினாராம்: பார்த்தாயா!
தனியாகத்தான் வந்திருந்தார்.
அது மரம் வெட்டுகிறவர்கள் பூசியது.
அந்தச் சரிவில் எல்லா மரத்திலும் இருக்கிறது.

"நாலு மணிக்கே திரும்பியிருக்கலாமே"
என்றாள் ஸ்னேஜினா, போர்வையை இழுத்துவிட்டபடி.
"அவ்வளவு ஏறிவிட்டேனே" என்றார்,
ஏறிய உயரம்
வங்கியில் போட்ட பணம் மாதிரி.

அறிக்கையில் எழுதினேன்:
முதல் ஏரியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.
எழுதிவிட்டுப் பார்த்தேன்.
எனக்குத் தெரிகிறது,
ஏனென்றால் நான் இதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன்,
ஹீட்டர் அருகில், காய்ந்த காலுறையோடு.
அந்த வரியை அடித்தேன்.

வர்னாவிலிருந்து என் மகள் பேசி ஏழு வாரம்.
கடலோரத்தில் சிக்னல் சரியில்லை என்கிறேன்
கேட்பவர்களிடம்.
போன மாதம் புதுக் கோபுரம் நிறுத்தினார்கள்.
புதுக் கோபுரம் என்றால்
ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும்.

விடிந்ததும் லியூபென் படத்தை மேஜையில் விரித்தார்,
மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார்.
"இங்கேதானே என்னைக் கண்டுபிடித்தீர்கள்?"
விரல் இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி நின்றது.
ஸ்னேஜினா வாயைத் திறந்தாள்.
நான் அவர் கிண்ணத்தில்
இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன்.